முழங்கால் அறுவைக்குப் பிறகு: அவசரமும் அச்சமும்

விளையாட்டுக் காயங்கள் குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் பதில் அளிக்கும் பகுதி இது. இம்முறை முழங்கால் தசைநார் அறுவை பற்றிய நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கால்பந்து ஆடும்போது ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பினேன். முழங்காலுக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்துவிட்டது என்று சொல்லி அறுவை செய்தார்கள். இப்போது இரண்டு வாரம் ஆகிறது. காலை மடக்க நான் படாத பாடு படுகிறேன். ஆனால் என் பிசியோதெரபிஸ்ட், காலை நேராக நீட்டும்படிதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது. அது தவறா?

பதில்: அந்தத் தலையணையை இன்றிரவே எடுத்துவிடுங்கள். அது சுகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வீங்கிய மூட்டு சற்றே மடங்கியிருக்கும்போது உள்ளே தேங்கிய நீருக்கு இடம் கிடைக்கிறது, வலி தணிகிறது. ஆனால் அதே நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் மூட்டின் பின்புறம் இறுகிப்போகும். சிலருக்கு மூட்டின் முன்பக்கத்தில் தழும்புத் திசு திரண்டு, கதவிடுக்கில் சிக்கிய கல்லைப் போலக் கால் முழுதாக நீளவிடாமல் தடுக்கும். அதை அகற்ற இன்னொரு அறுவைகூடத் தேவைப்படலாம். மடக்கம் நாளாக நாளாக வந்து சேர்ந்துவிடும். நீட்டத்தைத்தான் முதல் சில வாரங்களிலேயே மீட்டாக வேண்டும். உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வது முற்றிலும் சரி.

மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் எதன்மேலும் படாமல் தன் எடையாலேயே மெல்லக் கீழிறங்கட்டும்; 5 முதல் 10 நிமிடம் போதும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையோடு அழுத்தி, முன்தொடைத் தசையை 5 வினாடி இறுக்குங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், தசை எழும்பிச் சில்லை மேலே இழுப்பது கைக்குத் தெரியவேண்டும். தொடக்கத்தில் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை அசையாமல் கிடப்பதுண்டு. நரம்பு ஏதோ அறுந்துவிட்டது என்று பயந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது; வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் சமிக்ஞைகள் தசைக்கு வரும் கட்டளையை அடக்கிவைக்கின்றன, வீக்கம் வடிய வடிய, விடாமல் இறுக்கிப் பழகப் பழக, தசை விழித்துக்கொள்ளும். தசைநாரோடு மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டையும் தைத்திருந்தால், எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதில் உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதே முடிவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து கசிந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.

கேள்வி: ஏ.சி.எல். அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மாடிப்படி தாராளமாக ஏறுகிறேன். அரை மணி நேரம் மட்டும் நண்பர்களோடு கால்பந்து ஆடலாமா?

பதில்: வேண்டாம். வலி தீர்ந்த நாளும் தசைநார் தேறிய நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் பல இளைஞர்கள் மறுபடி அடிபடுகிறார்கள்.

பேச்சில் நாம் ‘ஜவ்வு’ என்று சொல்லும் அந்தத் தசைநாரை அறுவையில் பெரும்பாலும் தைத்து ஒட்டுவதில்லை. உங்கள் தொடையின் பின்புறத்திலிருந்தோ சில்லுக்குக் கீழிருந்தோ, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழையது இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். எடுத்த கணமே அந்த நாணின் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதிலுள்ள செல்களில் பெரும்பகுதி மடிகிறது. பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய இரத்த நாளங்கள் உள்ளே நுழைந்து, புதிய செல்கள் குடியேறி, பழைய இழைகளைக் கலைத்துப் புதிதாக நெய்கின்றன. இப்படிக் கலைந்துகொண்டிருக்கும் முதல் சில மாதங்களில், பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் அது வலுக்குறைந்து நிற்கிறது என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது முதிர்ச்சி அடைய ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். உங்களுக்குக் கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும் இதே வேளையில் உள்ளே நடப்பது இதுதான்.

ஏ.சி.எல். அறுவை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. திசை மாறி ஓடும் விளையாட்டுகளுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்காலில் மீண்டும் காயம்படும் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. திரும்புமுன் வைக்கும் சோதனைகளில் தேறாமலேயே ஆடியவர்களில் 38.2 விழுக்காட்டினருக்கு மீண்டும் காயம் ஏற்பட்டது, தேறியவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது. முன்தொடைத் தசையின் வலுவும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மறுகாலின் அளவில் 90 விழுக்காடாவது இருக்கவேண்டும் என்பது அச்சோதனைகளின் சாரம். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததால் மறுகாலும் இளைத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 90 என்ற எண்ணைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

லிவர்பூல் கால்பந்து அணியின் வெர்ஜில் வான் டைக், 2020 அக்டோபரில் இதே காயத்துக்கு ஆளானார். உலகின் தலைசிறந்த மருத்துவ வசதிகள் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆயினும் 2021 கோடையில் நடந்த யூரோ கோப்பையைத் தன் நாடான நெதர்லாந்துக்காக ஆடாமல் விட்டுக்கொடுத்தார், அந்த ஜூலை இறுதியில்தான் ஒரு பயிற்சி ஆட்டத்தில் சற்று நேரம் இறங்கினார். உங்கள் நண்பர்களின் அரை மணி நேர ஆட்டத்துக்கு இதைவிட அவசரம் இருக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் உங்கள் தசை வலுவை அளந்து அனுமதித்தால், நேர்க்கோட்டில் மெதுவோட்டம் தொடங்கலாம். பந்தோடு திரும்புவது அதற்கு வெகுகாலம் பிந்தியது.

கேள்வி: பயிற்சி செய்த மறுநாள் முழங்கால் லேசாக வீங்குகிறது. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவேண்டாம், குறையுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் சில்லின் நடுவே அளவுநாடாவைச் சுற்றி அளந்து குறித்துவையுங்கள். மறுநாள் காலையில் அளவு பழையபடி இருந்தால் பயிற்சியின் பளு சரி. கூடியே இருந்தால் முந்தைய வாரத்தின் பளுவுக்குத் திரும்புங்கள். துணி சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். வலி தரும் எச்சரிக்கை உங்கள் காதில் விழாமல் போய்விடும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, கைப்பந்து வீராங்கனை. அறுவை முடிந்து பத்து மாதம் ஆகிறது, சோதனைகள் அனைத்திலும் தேறிவிட்டாள். ஆனாலும் வலைக்கருகே தாவத் தயங்குகிறாள். கேட்டால் ‘பயமெல்லாம் இல்லை’ என்கிறாள். கண்டித்துப் பார்க்கலாமா?

பதில்: கண்டிக்காதீர்கள், அம்மா. அவளுடைய அச்சம் வீண் அச்சம் அல்ல. 25 வயதுக்குட்பட்டு மீண்டும் விளையாட வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ இரண்டாம் முறை ஏ.சி.எல். காயம் ஏற்படுவதாக 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ‘பயப்படாதே’ என்று சொன்னால், உடல் சொல்வதைக் கேட்காதே என்று அவள் பொருள் கொள்வாள். அவள் வாய்திறந்து பேச இடம் கொடுங்கள். காயம்பட்ட அந்தத் தருணத்தை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லவிடுங்கள்.

களத்தில் படிகளைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். முதலில் வலை இல்லாமல் தாவி இறங்கட்டும். அடுத்து வலைக்கருகே தனியாக, பிறகு ஒரு தோழியோடு, அதன்பின் முழுப் பயிற்சி, அதற்கும் பிறகே போட்டியில் ஒரு செட். தாவி இறங்கும் முறையையும் உடல் சமநிலையையும் பழக்கும் தயார்ப்பயிற்சிகள் இத்தகைய காயங்களைக் குறைப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. அவற்றை அவள் விளையாடும் காலம் முழுவதும் விடாமல் செய்யவேண்டும்.

நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து அவள் இறங்குவதை மட்டும் கவனியுங்கள். பயந்த கால் தரையை எட்டாமல் மறுகாலே முழு எடையையும் தாங்கும்போது ஒற்றையாய் ஓர் ஓசை கேட்கும். முழங்கால்களும் விறைத்தே இருக்கும். இரண்டு பாதங்களும் ஒன்றாக மெத்தென்று ஊன்றி, முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் மடங்குவதைப் பல நாள் தொடர்ந்து பார்த்தீர்களென்றால், அவளுடைய அடுத்த படியைப் பற்றி அவளோடும் பயிற்சியாளரோடும் பேசலாம்.