சூரிக் சம்பளமா, வியன்னா சம்பளமா: எதில் கையில் மிஞ்சும்?

சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் சம்பளம், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைவிட மிக அதிகம். ஆனால் பார்க்க வேண்டியது வாங்கும் திறனை, அதாவது வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்பதை.

எந்தச் செலவு எங்கே கழிகிறது என்பதில்தான் வித்தியாசம். வியன்னாவில் மருத்துவக் காப்பீடு சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும். சூரிக்கில் அதை மாதாமாதம் நாமே கட்ட வேண்டும், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. மெஸ் சாப்பாட்டோடு சேர்த்து வாடகை வாங்கும் விடுதியை, வெறும் அறை வாடகையோடு ஒப்பிட முடியுமா?

இன்னொன்று, ஆஸ்திரியாவில் பெரும்பாலும் ஆண்டுக்கு 14 மாதச் சம்பளம். மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கினால் கணக்கு உதைக்கும்.

வாடகைதான் பெரிய விஷயம். வியன்னா மாநகராட்சி 1920களிலிருந்தே வீடு கட்டி வாடகைக்கு விடுகிறது. நகரவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோதான் இருக்கிறார்கள். (புதிதாகப் போகிறவருக்கு உடனே கிடைக்காது, அது வேறு கதை.) மாநகராட்சி மழலையர் பள்ளியில் 2009 முதல் கட்டணமில்லை, சாப்பாட்டுக்குக் கொடுத்தால் போதும். சூரிக்கிலோ குழந்தைகள் காப்பகச் செலவு கண்ணைக் கட்டும்.

அதற்காக சூரிக்கில் ஒன்றுமே மிஞ்சாது என்று பலர் நினைப்பதும் தவறு. தனி ஆளாக, சிக்கனமாக இருப்பவருக்கு அங்கேதான் பொதுவாகச் சேமிப்பு அதிகம்.