கோணேசர் மலையா, உப்புவெளிக் கரையா?

கேள்வி: பொசன் (ஜூன் மாதப் பௌர்ணமி) விடுமுறைக்குத் திருகோணமலை வருகிறோம். ஐந்து பேர், அம்மாவுக்கு 64 வயது, மகனுக்கு 9. ஒரு நாளை நடந்தே கழிக்க விருப்பம். கோட்டை வழியாக மலை உச்சிக்குப் போவதா, கடற்கரையோரமாக நடப்பதா?
- வாசகி, வவுனியா

பதில்: நடைதான் நோக்கம் என்றால் கடற்கரை. பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், அதுவும் தார் வீதி. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் வீதியை விட்டு விலகி மலை விளிம்போடு சுற்றிவர முடியாது. அதற்காக மலையை விட்டுவிடவும் வேண்டாம். காலையில் கரை, பின்னேரம் மலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் கடல் முகம் கிழக்கே. காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், கடல் வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். நாலரை மணிக்குப் பிறகு வெயில் முதுகுக்குப் போய்விடும். அப்போது, மலை உச்சியில் பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுப் பக்கம் தடுப்புக்கு இப்பால் நின்றாலே ஆழம் மாறும் இடத்தில் தண்ணீர் நிறம் மாறுவது தெரியும். ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயிலை ஒட்டியே தொடங்குவதால் திமிங்கிலமும் கண்ணில் படக்கூடும். இன்னொன்று, கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நடுப்பகலில் அந்தக் கல் சூட்டில் அம்மாவுக்குக் கால் வைக்க முடியாது.

இனிக் கரை. உப்புவெளியில் காலை 6 மணிக்கு இறங்கித் தெற்கே, கோட்டையைப் பார்த்து நடவுங்கள். 5 கிலோமீற்றர் அளவு. பிள்ளையோடு இரண்டு மணி நேரம் போதும். மலை எப்போதும் எதிரே தெரிவதால் வழி கேட்க வேண்டியதில்லை. அலை வந்து நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலிலேயே நடக்க வேண்டும். காய்ந்த மணலில் காலைப் புதைத்து நடந்தால் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும். நம் கரையில் வற்றுப்பெருக்கு (கடல் நீர் ஏறி இறங்கும் உயரம்) அரை மீற்றர் அளவுதான். என்றாலும் பறுவத்தன்று, அதாவது பௌர்ணமியன்று, நீர் கூடுதலாக ஏறுவதால் இறுகிய மணல் ஒடுங்கிவிடும். சரிவில் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே போகும். நீங்கள் தெற்கே போகும்போது அது இடக்கால். அம்மாவுக்கு இடது முழங்காலில் நோவு இருந்தால் அரை மணிக்கு ஒருக்கால் மேட்டு மணலில் இருத்தி எழுப்புங்கள்.

கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டவே கூடாது. இழுவையில் இருக்கும் கயிறு திடீரென எழும்பிக் காலை வாரிவிடும். இழுப்பவர்களுக்குப் பின்னால், தரைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். திருக்கடலூரை நெருங்க வள்ளங்களும் வலைகளும் நெருக்கமாகக் கிடக்கும். தூண்டில் முள்ளும் கிடக்கலாம், ஆகவே வெறுங்கால் வேண்டாம். அங்கே வீதிக்கு ஏறிவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைப்பதென்றால் ஒரு பக்கற்றுக்குச் சரியாக 1 லீற்றர். அதைவிடக் குறைந்த தண்ணீரில் கரைத்துக் குடித்தால் உப்பு கூடிப்போகும்.

பொசன் மாதம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் குளம் போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பி மகனைக் காற்றடைத்த வளையத்தோடு இறக்கிவிடாதீர்கள். காற்று வளையத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும்; நீந்தி எட்டிப் பிடிப்பது கடினம்.

கேள்வி: உப்புவெளியிலிருந்து வடக்கே, கரையாலேயே நிலாவெளிக்குப் போகலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: சல்லி அம்மன் கோயிலுக்குக் கிட்ட வரை தாராளமாகப் போகலாம். கோயிலுக்கு முன்னதாகவே களப்பு கடலில் விழும் வாய் இருக்கிறது. மணல் அடைத்துக் கிடந்தால் மேலால் நடக்கலாம். மணலை வெட்டிக்கொண்டு தண்ணீர் ஓடினால், முழங்கால் ஆழம் என்று தெரிந்தாலும் இறங்க வேண்டாம்: ஓட்டம் காலடி மணலை அரித்துக்கொண்டே இருக்கும், நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளம். நிலாவெளி வீதிக்கு ஏறி, சாம்பல்தீவுப் பாலத்தால் கடந்து மறுபடி கரைக்கு இறங்குங்கள்.

கேள்வி: மார்கழியில் வந்தால்?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: மலைக்கு மட்டும் போங்கள். வாடையில் (வடகிழக்குக் காற்றுக் காலத்தில்) அலை கரை மேடு வரை ஏறி, இறுகிய மணலே இல்லாமல் செய்துவிடும். மலையிலும் குடை பிடிக்க முடியாத காற்று. மழை அங்கி கொண்டுவாருங்கள்.