கடன் வழக்குத் தீர்ப்பு எனக்கு எதிராக வந்துவிட்டது; மேன்முறையீடு செய்யலாமா?

கேட்டவர் கிளிநொச்சிக்காரர். காலபோக நெற்செய்கைச் செலவுக்குக் கைமாற்றாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

செய்யலாம். ஆனால் நாட்களை எண்ணுங்கள். தீர்ப்பு வாசித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலை அதே மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் தீர்ப்பு நாள், ஞாயிறு, பொது விடுமுறை சேராது. மேன்முறையீட்டில் எதிர்த்தரப்புக்கு ஆகும் வழக்குச் செலவுக்கான பிணையும் அதோடு கட்ட வேண்டும். விரிவான மேன்முறையீட்டு மனுவுக்கு அதே தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்கள், அதில் விடுமுறையைக் கழிக்க வேண்டாம். பலர் 60ஐ மட்டும் மனதில் வைத்து முதல் படியைத் தவறவிடுகிறார்கள், பெரிய அநியாயம் அது.

வழக்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். பழைய பதிவை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே "நீதிபதி என்னை நம்பவில்லை" என்பது மட்டும் போதாது. நீங்கள் காட்டிய பற்றுச்சீட்டையோ வங்கிப் பதிவையோ தீர்ப்பு கவனிக்காமல் விட்டதா? தனியார் கடனில் வட்டி முதல் தொகையை மிஞ்சிக் கணக்கிடப்பட்டதா? அப்படியிருந்தால் அதுவே உங்கள் பலமான வாதம்.

இன்னொன்று, மேன்முறையீடு போட்டதாலேயே காசு அறவிடுவது நின்றுவிடாது. நிறுத்தக் கேட்டால் நீதிமன்றம் பிணை கேட்கும்.

சரி, சட்டத்தரணிக்குக் காசில்லையா? இன்றைக்கே சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குத் தீர்ப்பின் பிரதியோடு போங்கள்.