மின்சார கார் ஷோரூம் போடலாமா? முதலில் பழைய ஜாப் கார்டுகளை எடுங்கள்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலத்திலிருந்து பெட்ரோல், டீசல் கார் ஷோரூமும் ஒர்க்‌ஷாப்பும் நடத்துகிறோம். இப்போது மின்சார கார்களுக்குத் தனி ஷோரூம் போடச் சொல்கிறது கம்பெனி. ஆயில் மாற்றும் வேலையே இல்லாத வண்டியை விற்றால் ஒர்க்‌ஷாப் என்ன ஆகும்?"

பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். புது கார் விற்பதில் தள்ளுபடியும் ஸ்டாக்குக்கு வாங்கிய கடனின் வட்டியும் போக நிற்பது சொற்பம், கடையை ஓட்டுவது சர்வீஸும் ஸ்பேர்ஸும் இன்சூரன்ஸும்தான். அதனால் கம்பெனிக்காரர் காட்டும் விற்பனைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, போன வருஷத்து ஜாப் கார்டுகளை, அதாவது சர்வீஸுக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் என்ன வேலை பார்த்தோம் என்று எழுதிய சீட்டுகளை, பில்லோடு எடுத்து உட்காருங்கள்.

ஒவ்வொரு பில்லிலும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் செட், டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டர், டர்போ, இதையெல்லாம் அடித்துவிடுங்கள். மின்சார காரில் இவை கிடையாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. ஆனால் ஏசி, சஸ்பென்ஷன், பிரேக் ஆயில், கூலண்ட், 12 வோல்ட் பேட்டரி, அலைன்மென்ட் எல்லாம் அப்படியே இருக்கும். எடையும் இழுவையும் அதிகம் என்பதால் டயர் இன்னும் சீக்கிரம் தேயும். டிங்கரிங், பெயிண்டிங் எங்கேயும் போகாது. அடித்த தொகை உங்கள் சர்வீஸ் வருமானத்தில் பாதியைத் தொட்டால் முதலில் டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கும் பாடிஷாப்பை வளர்க்கப் பாருங்கள், ஷோரூம் அப்புறம். எப்படியும் இதுவரை விற்ற பெட்ரோல் வண்டிகள் இன்னும் பல வருஷம் உங்களிடம்தான் வரும், ஒரே நாளில் எதுவும் காலியாகிவிடாது.

மதுரை இதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்த ஊர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, இங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி இன்ஜினுக்குக் கொடுக்கும் கரிவாயுக் கலன் தயாரித்து வண்டிகளை ஓடவைத்தது. நல்ல ஒர்க்‌ஷாப் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது என்பது என் எண்ணம்.

செலவுக்கு வருவோம். இன்றைய மின்சார கார்களில் பேட்டரி பெரும்பாலும் 300, 400 வோல்ட்டில் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைப் பயிற்சி இல்லாத பையன் யாரும் தொடக் கூடாது. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை, ஒவ்வொரு முறையும் காற்றை அடைத்து ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். மெயின் இணைப்பைக் கழற்றி, கம்பெனி மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் வேலை. இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள், ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. பேட்டரியை இறக்க லிஃப்ட் டேபிள் வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் இரண்டு வைத்தாலே உங்கள் இபி லோடு தாங்குமா என்று முதலில் விசாரியுங்கள். யார்டில் நிற்கும் வண்டியை 100 சதவீதம் சார்ஜோடு சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், பாதி சார்ஜ் போதும்.

எக்ஸ்சேஞ்சில் பழைய மின்சார கார் வந்தால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து விலை சொல்லாதீர்கள். பேட்டரி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்ற ரிப்போர்ட் வேண்டும், வாரண்டி அடுத்தவருக்கு எவ்வளவு மாறும் என்றும் பார்க்க வேண்டும். மஹிந்திரா பிஇ 6-ல் முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க இருக்கும் பேட்டரி வாரண்டி, கை மாறினால் 10 வருஷம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் என்று சுருங்கும்.

என்னைக் கேட்டால் தனிக் கட்டடம் இப்போது வேண்டாம், இருக்கும் ஷோரூமில் ஒரு பக்கமும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடமும் ஒதுக்க அனுமதி கேளுங்கள். ஒத்துக்கொண்டால், கையெழுத்துக்கு முன் வாரண்டி வேலைக்கு மணிக்கு எவ்வளவு லேபர் தருவார்கள், கம்பெனி கடையை மூடினால் ஸ்பேர்ஸையும் கருவிகளையும் என்ன விலைக்குத் திரும்ப எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஷோரூமில் பணத்தைக் கொட்டிய டீலர்கள் நஷ்டஈடு கேட்டு நிற்க வேண்டி வந்தது.