புகழ்பெற்ற இசைக்குழுவில் இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போனவர் யார்? அவர் வாழ்க்கை எப்படி இருந்தது?

ஜான் டீக்கன். குயின் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர்.

இந்தக் கேள்வியைப் பொது அறிவுக்காக யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் ஏதோ ஒரு குழுவில், மேடை ஓரத்தில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் மதுரையில் 14 வருடம் மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசித்தவன். அதனால் டீக்கனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் கதையும் கூடவே வந்துவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

குயின் என்றால் எல்லோருக்கும் பாடகர் ஃப்ரெடி மெர்குரிதான். சான்சிபாரில் பிறந்த பார்சி, பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர் என்பதால் நம்மவர்களுக்கு அவர்மேல் கூடுதலாக ஒரு பாசமும் உண்டு. அடுத்து பிரையன் மே, அந்தச் சுருட்டை முடியும் கிதாரும். டிரம்ஸில் ரோஜர் டெய்லர். நாலாவது ஆள் பெயரைக் கேட்டால் தீவிர ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

அந்த நாலாவது ஆள் 1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். 1969-ல் லண்டன் செல்சீ கல்லூரிக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தார். 1971-ல் குயினில் சேர்ந்தபோது அவருக்கு வயது 19. அவருக்கு முன்னால் அந்த இடத்துக்கு மூன்று பேர் வந்து நிலைக்காமல் போயிருந்தார்கள். இவர் அமைதியாக வந்தார், வாசித்துக் காட்டினார், எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் பட்டப் படிப்பையும் முதல் வகுப்பில் முடித்தார்.

அந்தப் படிப்பு வீணாகவில்லை. தெருவில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துவந்து, ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துச் கிதார் சத்தத்தைப் பெருக்கிக் காட்டுகிற ஆம்ப் ஒன்றைச் சின்னதாகச் செய்தார். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகுகூட அதில் கிடையாது. பிரையன் மே அதில் கிதாரைச் செருகி, ஊதுகுழல் வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி, ஒரு பழைய ஜாஸ் கோஷ்டி மாதிரியெல்லாம் வாசித்துப் பதிவு செய்தார். 1975 ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். பிரையனின் கிதார் நாதத்தைப் புகழ்கிறவர்கள், அதில் ஒரு பங்கு டீக்கன் பற்றவைத்த அந்தப் பெட்டியுடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1973-ல் குயினின் முதல் ஆல்பம் வந்தது. அட்டையில் இவர் பெயரை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 'டீக்கன் ஜான்'. முன்பின்னாகத் திருப்பி. கேட்க எடுப்பாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஆல்பத்தில்தான் சரியான பெயர் வந்தது. இதை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2009. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. பொண்ணு வீடு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் அம்மாவும் வந்திருந்தாள். நான் மேடையில் வாசித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூன்றாவது வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு, என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக் கச்சேரியில் அறிவிப்பாளர் கலைஞர்களை அறிமுகம் செய்தார். கீபோர்டு, தபலா, ரிதம் பேட், லீட் கிதார், புல்லாங்குழல். பெயரைச் சொல்லச் சொல்ல அவரவர் ஒரு துண்டு வாசித்துக் காட்டுவது வழக்கம். நானும் கம்பியில் விரலை வைத்துத் தயாராக நின்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். வன்மமெல்லாம் இல்லை. என் பெயர் கடைசி வரி, மடிப்புக்குக் கீழே இருந்திருக்கிறது. பிறகு நானே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன்.

கடைசி டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை உருட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். "எல்லார் பேரையும் சொன்னாங்கல்ல, உன் பேரை மட்டும் ஏன்டா சொல்லல? யார்ட்டயும் காசு கீசு பாக்கி வச்சிருக்கியா?"

"இல்லம்மா. மறந்துட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். தெப்பக்குளம் தாண்டியதும் மறுபடி கேட்டாள். "ஆமா, நீ வாசிச்சது எந்தச் சத்தம்? நானும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டேன். எனக்கு வெளங்கலப்பா."

பெயரை விட்டது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இந்தக் கேள்விதான் ஆறவில்லை.

அதற்குப் பதில் கிடைத்தது அடுத்த சித்திரையில், மேலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில். குத்துப் பாட்டு, கூட்டம் எழுந்து ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சரணத்தில் என் கேபிளின் ஜாக்கில் பற்றவைப்பு விட்டுப்போய் பேஸ் அடியோடு நின்றது. மற்ற எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பாட்டும் நிற்கவில்லை. ஆனால் முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் கால் வேகம் குறைந்தது. இரண்டு பேர் நின்றுவிட்டு, என்ன ஆச்சு என்று ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள். எது போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஏதோ போய்விட்டது என்று மட்டும் காலுக்குத் தெரிந்திருக்கிறது. பாடிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பி நேராக என்னைத்தான் பார்த்தார். நான் வேறு கேபிளை மாட்டி, பல்லவிக்கு வரும் இடத்தில் சேர்ந்துகொண்டேன். அண்ணன் பாடிக்கொண்டே தலையை ஒரு தடவை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அடிச்சத்தம் உன்னுதா? அதைச் சொல்றதுக்கு என்ன?" என்றாள்.

பேஸ் வாசிக்கிறவன் பேஸைத்தான் உயர்த்திப் பேசுவான் என்று கருத்துப் பெட்டியில் எழுத வருவீர்கள். டீக்கன் எழுதிய பாட்டுகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குயினில் முன்குரல் கொடுத்துப் பாடாத ஒரே ஆள் இவர். தன் பாட்டையும் இன்னொருவர் வாயால்தான் கேட்க வேண்டும். 1975-ல் மனைவி வெரோனிகாவுக்காக 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' எழுதினார். அதற்கு எலக்ட்ரிக் பியானோ வேண்டும் என்றார். ஃப்ரெடிக்கு அந்த வாத்தியமே பிடிக்காது, வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். இவர் சண்டை போடவில்லை. தானே கற்றுக்கொண்டு வாசித்தார். இன்றைக்கும் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் அதிர்ந்து அதிர்ந்து வருகிற அந்தச் சத்தம் அவர் கைதான்.

1980-ல் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. முழுக்க முழுக்க ஒரு பேஸ் வரியின் மேல் கட்டிய பாட்டு. பேஸ் மட்டுமல்லாமல் கிதாரையும் பெரும்பாலும் இவரே வாசித்தார். டிரம்ஸ் சத்தம் எதிரொலிக்காமல் வறட்டென்று விழ வேண்டும் என்றார். ரோஜருக்கு அந்தப் பாணியில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனாலும் டிரம்ஸுக்குள் போர்வையைத் திணித்து வாசித்துக் கொடுத்தார். ஃப்ரெடி மட்டும் முதலிலிருந்தே அந்தப் பாட்டின் பக்கம் நின்றார். லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரிக்கு வந்திருந்த மைக்கேல் ஜாக்சன், இதைத் தனி ரெக்கார்டாக விடுங்கள் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். உலகமே கொண்டாடுகிற 'போஹீமியன் ராப்சடி' அங்கே ஒருநாளும் முதலிடத்துக்குப் போனதில்லை. 1984-ல் வந்த 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ'யும் இவர் எழுதியதுதான். அதை ஃப்ரெடி பாட்டு என்று சொல்கிற எத்தனை பேரிடம் நான் வாதாடியிருக்கிறேன்!

ஃப்ரெடி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம். அவர் குரல் இல்லாவிட்டால் இந்தப் பாட்டெல்லாம் இந்த உயரத்துக்கு வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கூட்டம், கோடிக்கணக்கில் சம்பாதித்தவருக்கு என்ன குறை என்று கேட்கும். பணம் வந்தது, சந்தோஷம். குழுவில் கணக்கு வழக்கைக் கவனமாகப் பார்த்தவரும் இவர்தான். ஆனால் பணம் வேறு, தான் செய்ததைத் தான் செய்ததாக ஊர் அறிவது வேறு. மாதச் சம்பளக்காரர்களே, நீங்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்துச் செய்த வேலைக்கு மேனேஜர் கைத்தட்டு வாங்கினால் சம்பளம் வந்துவிட்டதே என்று சும்மா இருப்பீர்களா?

இதோடு இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கல்யாண வீடுகளில் கச்சேரிக்காரர்களுக்குச் சோறு போடுகிற விதம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஸ்பீக்கர் ஏற்றி, சவுண்ட் செக் செய்து, பத்தரை மணி வரைக்கும் நின்று வாசித்துவிட்டுப் பந்திக்குப் போனால் இலை எடுத்துக் கழுவிவிட்டிருப்பார்கள். ரசமும் அடியில் ஒட்டிய சாதமும் இருக்கும். ஒரு மண்டபத்தில், "பேண்டுக்காரங்களுக்கு மேல பந்தி கிடையாது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எங்கள் தபலாக்காரர் சர்க்கரை நோயாளி. அன்றைக்கு மேடைக்குப் பின்னால் அவர் கை நடுங்க உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். வீட்டு விசேஷத்துக்குக் கச்சேரி வைப்பவர்கள் தயவுசெய்து ஒன்பது மணிக்கு ஒரு இடைவேளை விட்டு அவர்களைச் சாப்பிட வையுங்கள். பாட்டு பத்து நிமிடம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சரி, டீக்கன். 1991 நவம்பர் 24 அன்று ஃப்ரெடி இறந்தார். அடுத்த ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் டீக்கன் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் ஒரு பாலே நிகழ்ச்சியில் எல்டன் ஜான் பாட, கடைசியாகக் குயினோடு மேடை ஏறினார். அதே வருடம் ஃப்ரெடிக்காகச் செய்த ஒரு பாட்டின் பதிவில் வாசித்தார். அவ்வளவுதான். ஃப்ரெடி இல்லாமல் குயினைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்பது அவர் முடிவு. 2001-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற அமெரிக்க கௌரவப் பட்டியலில் குயினைச் சேர்த்தபோது அந்த விழாவுக்கும் வரவில்லை. பிரையனும் ரோஜரும் வேறு பாடகர்களோடு இன்றுவரை மேடை ஏறுகிறார்கள். இவர் லண்டனில் ஆறு பிள்ளைகளைப் பெற்ற குடும்பஸ்தராக ஒதுங்கிவிட்டார்.

மனம் உடைந்து போய்விட்டார், வாழ்க்கையே வீணாயிற்று என்கிற தொனியில் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரம் பேர் பார்க்காவிட்டாலும், நாம் வாசிப்பதை ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும், அந்த ஒரு ஆளுக்காகவே வாசித்துவிடலாம். அந்த ஆள் போன பிறகு யாருக்கு வாசிப்பது?

2021 மே மாதம் கொரோனாவில் எங்கள் அண்ணன் போய்விட்டார். மேலூரில் திரும்பிப் பார்த்தாரே, அவர்தான். பக்கத்தில்கூடப் போக முடியவில்லை, தத்தனேரி சுடுகாட்டில் தூரத்தில் நின்று பார்த்தோம். ஊரடங்கு முடிந்து ஒரு கச்சேரிக்குப் போனேன். புதுப் பையன் நன்றாகவே பாடினான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது சரணத்தில் பழக்கத்தில் நிமிர்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். டீக்கனோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அவர் ஏன் போகவில்லை என்பது எனக்குப் புரிகிறது, அதை மட்டும்தான் சொல்கிறேன்.

கிதாரை விற்கவில்லை. போன வருடத்திலிருந்து எங்கள் தெருப் பையன் ஒருவன், பிளஸ் ஒன் படிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்ள வருகிறான். முதல் பாடமாக டீக்கனின் அந்த 1980 வரியைத்தான் கொடுத்தேன். நீங்களும் பேஸ்தான் வாசிக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருப்பதிலேயே தடித்த கம்பி, விரல் எதுவும் வைக்காமல், மூன்று தட்டு. பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் இடது கையால் கம்பியை மெல்ல அழுத்தி, அதிர்வை முழுசாக நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. எங்கள் பையனுக்கு மூன்று தட்டு முதல் நாளே வந்துவிட்டது. நிறுத்துவதற்கு ஆறு வாரம் ஆயிற்று. வந்த அன்றைக்கு, சமையல்கட்டிலிருந்து அம்மா, "யாருடா அது, நீயா அவனா?" என்று கேட்டாள்.