இங்கே கிளச்சு பாதிதான்

சங்ககிரிப் பக்கம் பதினோரு வருஷம் லாரி ஓட்டிவிட்டு கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன் வந்திருக்கும் தம்பி கேட்டது இது: கார் ஓட்டும் ஜி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, அடுத்து ஏ-இசட், அதாவது ஏர் பிரேக் உள்ள டிரெய்லர் லாரிக்கான ஏ வகுப்பு லைசென்ஸ். புது வண்டி எல்லாமே ஆட்டோமேட்டிக் என்கிறார்கள், அதிலேயே டெஸ்ட் கொடுத்துவிடலாமா, மேனுவல்தான் ஏற்கெனவே தெரியுமே? டெஸ்ட் அன்று பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா?

மேனுவலில் கொடுங்கள் தம்பி. ஆனால் "ஏற்கெனவே தெரியும்" என்கிறீர்களே, அதைத்தான் முதலில் மறக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் 2022 ஜூலை 1 முதல் ஆட்டோமேட்டிக்கில் ஏ வகுப்பு டெஸ்ட் கொடுத்தால், அந்த வகுப்பில் மேனுவல் வண்டியைத் தொடக்கூடாது என்று லைசென்ஸிலேயே கட்டுப்பாடு வந்துவிடும். நீக்க வேண்டுமென்றால் மேனுவல் வண்டியில் திரும்பவும் ரோடு டெஸ்ட். பெரிய கம்பெனிகள் வாங்கும் புது வண்டிகளில் ஐ-ஷிஃப்ட், டிடி12 மாதிரி தானே கியர் மாற்றும் பெட்டிகள்தான், உண்மை. ஆனால் மண், ஜல்லி அடிக்கிற வண்டி, மரக்கட்டை லோடு, சொந்த வண்டிக்காரர் வைத்திருக்கும் பழைய டிரக் என்று போனால் இன்னும் 13 கியரும் 18 கியரும்தான். புதிதாக வந்தவனுக்கு முதல் வேலை எந்தக் கதவு வழியாகக் கிடைக்கும் என்று யார் கண்டது, ஒரு கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்?

இன்னொன்று. எப்படியும் 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். பணம் கட்டும் முன்பே, டெஸ்ட் நாளுக்கு எந்த வண்டி தருவீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் மேனுவலில் பழகினான், டெஸ்ட் அன்று "அந்த வண்டி ரிப்பேர்" என்று ஆட்டோமேட்டிக்கை நீட்டிவிட்டார்கள், பாஸ் ஆன சந்தோஷத்தில் இவனும் பேசாமல் வந்துவிட்டான்.

சரி, கியருக்கு வருவோம். உங்களுக்கு முதல் வாரம் இடது கை சும்மா இருக்காது. ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு. நான் 2013-ல் பழகும்போது கியர் மாற்றும் நேரமெல்லாம் இடது கை போய்க் கதவைத் தடவும், பக்கத்தில் இருந்த பஞ்சாபி மாஸ்டர் சிரித்துக்கொண்டே இருப்பார். அது இரண்டு வாரத்தில் போய்விடும். போகாதது கால்.

நம் ஊர் வண்டியில் கிளச்சை அடிவரை மிதித்துத்தானே பழக்கம்? இங்கே மேனுவல் டிரக்குகளில் வரும் ஈட்டன் ஃபுல்லர் கம்பெனி கியர் பெட்டியில் அடிவரை மிதித்தால் கிளச்சு பிரேக் என்று ஒன்று பிடிக்கும். நின்ற வண்டியில் ஃபர்ஸ்ட்டோ ரிவர்ஸோ போடும்போது உள்ளே சுற்றுகிற தண்டை நிறுத்துவதற்கு வைத்தது அது. ஓடும்போது அதுவரை மிதித்தால் கியர் விழாது, அந்த பிரேக்கும் தேய்ந்து போகும். ஓடும்போது மிதி பாதிதான்.

அப்புறம் இதில் சிங்க்ரோமெஷ் கிடையாது, அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானே சேர்த்துவிடும் அமைப்பு. பல்லுக்குப் பல் வேகத்தை நாம்தான் சேர்த்துவிட வேண்டும். ஊரில் பழைய வண்டி ஓட்டிய பெரியவர்கள் டபுள் கிளச்சு என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதேதான். 10 கியர் பெட்டியில் ஏற்றும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 1,600 சுற்றில் இருக்கும்போது பாதி மிதித்து நியூட்ரல், காலை எடுத்து, முள் 1,200 வாக்கில் இறங்கும்வரை பொறுத்து, திரும்ப மிதித்தால் கியர் வெண்ணெயில் கத்தி போல விழும். அவசரப்பட்டால் கரகரவென்று மொத்த யார்டும் திரும்பிப் பார்க்கும். இறக்கும்போது இதற்கு நேர்மாறு: நியூட்ரலில் காலை எடுத்துவிட்டு 400 சுற்று ரேஸ் கொடுத்து, அப்புறம் மிதித்துப் போட வேண்டும். 13, 18 கியர் பெட்டியில் ஒரே கியரை இரண்டாகப் பிரித்த பாதிக் கியர் மாற்றும்போது 200 சுற்று வித்தியாசம் போதும்.

கீழ்க் கியர்களிலிருந்து மேல் கியர்களுக்கு மாற்றிவிடும் ரேஞ்ச் சுவிட்சையும் மறக்காதீர்கள். 10 கியரில் ஒன்றும் ஆறும் ஒரே இடம். ஐந்திலிருந்து எடுக்கும் முன்பே சுவிட்சை மேலே தட்டிவிட வேண்டும், மறந்தால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஃபர்ஸ்ட் கியரைக் குத்திக்கொண்டிருப்பீர்கள். நான் 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவில் அதைத்தான் செய்தேன். எந்தக் கியரும் விழாமல், ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரத்தில் நிறுத்தி, ஃபர்ஸ்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இதெல்லாம் வெட்கத்தோடு போகிற தப்பு. உயிரை எடுக்கிற தப்பு ஒன்று உண்டு. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிங்க்ரோமெஷ் பெட்டியில் மனசு மாறினால் எப்படியோ திரும்ப ஒரு கியரைத் திணிக்கலாம். இங்கே முடியாது. இறக்கத்தில் வேகம் ஏற ஏற, அதற்கு ஈடாக எஞ்சினை ரேஸ் பண்ண வேண்டிய சுற்றும் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் எஞ்சினால் அவ்வளவு சுற்றவே முடியாது. கியர் விழாது, எஞ்சின் பிரேக்கும் கிடையாது, மிச்சம் இருப்பது ஏர் பிரேக் மட்டும், அது சூடேறி மங்கிக்கொண்டே வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கோக்கிஹாலா மலை நெடுஞ்சாலைப் பக்கம் போனால் பிரேக் பிடிக்காமல் ஓடும் வண்டிக்கென்றே சாலையோரம் தனிப் பாதை வெட்டி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். மேட்டு உச்சியிலேயே கியரைப் போட்டுக்கொண்டு, அடிவாரம்வரை அதைத் தொடாமல் இறங்க வேண்டும்.

வேலைக்குப் போனால் பழைய டிரைவர்கள் கிளச்சே இல்லாமல் கியர் மாற்றுவார்கள், ஃப்ளோட் பண்ணுவது என்பார்கள். உங்களுக்கும் வந்துவிடும், டெஸ்ட்டில் மட்டும் அந்த வித்தையைக் காட்டாதீர்கள்.

பூட்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெஸ்ட் அன்று மெல்லிய அடி உள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள், பனி பூட்ஸில் பாதி மிதி எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாது.