நீலகிரியில் மனிதர்கள் இயற்கையை மாற்றினார்களா, இயற்கை மனிதர்களை மாற்றியதா?

இரண்டும்தான். புல்வெளியைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

மேல்மலையில் குளிர்காலத்தில் உறைபனி விழும். திறந்த வெளியில் மரக்கன்றுகள் கருகிவிடும். அதனால் மேடுகளில் புல், ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. அந்தப் புல்லை நம்பித்தான் இங்குள்ள பழங்குடிகளான தோடர்கள் எருமை வளர்த்தார்கள். அவர்களுடைய கோயிலே பால் கடையும் இடம். அதன் வளைந்த கூரை வேய்வதும் மலைப்புல்லால்தான். எருமை மேய்ந்ததும், அவர்கள் அவ்வப்போது தீ வைத்ததும் புல்வெளி புல்வெளியாகவே இருக்க உதவின.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னாலேயே ஊட்டி நகரம் வளர்ந்தது. ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி வீண் நிலமாகத் தெரிந்தது; இன்றும் பலர் அப்படியே நினைப்பது வருத்தமான விஷயம். விறகுக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை மரம் (வாட்டில்) என்று நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறை அதையே தொடர்ந்தது.

சீகையை வெட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெயிலோ தீயோ பட்டதும் கூட்டமாக முளைக்கும். புல் சுருங்க, மேய்ச்சல் போனது. வரையாட்டுக்கும் இடம் குறைந்தது. எருமை குறைந்தால் தோடர் சடங்குகளுக்கு ஆதாரமே போய்விடும்.

இப்போது சில இடங்களில் சீகையை அகற்றி, நாட்டுப் புல்லைத் தூர் பிரித்து நடுகிறார்கள். ஆனால் புதிதாக முளைக்கும் சீகைக் கன்றுகளை வருடா வருடம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.